சாயக்காரச் சந்துக் காலி மனை

துணை ஆணையர் ஒரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். மேலதிகாரிகளின் ஒரு மணி ஒன்றரைக்கும் வரும், இரண்டுக்கும் வரும், சில நாள் வராமலே போய்விடும் என்பது சாந்தாமணிக்குத் தெரியாததல்ல. நகரமைப்புப் பிரிவிலேயே தலை நரைத்தவள் அவள். இருந்தும் வெகு நேரம் முன்னாடியே வந்து, சாயக்காரச் சந்தின் ஓரத்தில் ஆபீஸ் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தாள். மடியில் சுருட்டிய வரைபடம். டிரைவர் நாச்சிமுத்து டீ குடிக்கப் போயிருந்தார். டவுனுக்குள் இரண்டு பூங்கா, அவ்வளவுதான் அனுமதி. ஒன்று பழைய தண்ணீர்த் தொட்டி இருந்த இடம், அதில் யாருக்கும் தகராறு இல்லை, முடிந்துவிட்டது. இரண்டாவதுதான் இழுபறி. மணிக்கூண்டுக்கு எதிரே இருக்கிற இடமா, இந்தச் சந்துக்குள் கிடக்கிற காலி மனையா. மணிக்கூண்டு இடம் பெரியது, சுற்றிலும் ரோடு, பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவன் கண்ணில்கூடப் படும். அங்கே ஒரு நீரூற்று வைக்கலாம், ராத்திரியில் எரிகிற எழுத்தில் ஊர்ப்பெயர் வைக்கலாம், அதன் முன்னால் நின்று ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், பேப்பரில் வரும். துணை ஆணையருக்கு மனசு அங்கேதான். இந்த மனையில் ஒரு காதுகுத்துக்குப் பந்தல் போட்டால் நிறைந்துவிடும். என்றைக்கோ ரோட்டை அகலப்படுத்தவென்று எடுத்து, அப்புறம் ரோடு வேறு பக்கம் போய்விட, புங்கமரம் ஒன்று தானாக முளைத்துக் கிளை விரித்து நிற்கிறது. "இத யாரு மேடம் லிஸ்ட்ல சேர்த்தது?" என்று போன கூட்டத்தில் அவர் கேட்டார். கோபமாக இல்லை, சும்மாதான் கேட்டார். "நான்தானுங்க சார்" என்றாள். ஏன் என்று அவர் வாயெடுப்பதற்குள் யாரோ காப்பி கொண்டுவந்துவிட்டார்கள். அந்தக் காப்பிக்குச் சாந்தாமணி இன்னும் நன்றியோடு இருந்தாள். ஆனால் இன்றைக்குக் காப்பி வராது. இன்றைக்கு ஏன் என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் கோப்பில் கையெழுத்தாகிவிடும், அதற்கப்புறம் இந்த மனையை யாராவது வண்டி நிறுத்தக் கேட்பார்கள், கொடுத்துவிடுவார்கள்.

கால் வலித்தது. உட்கார்ந்திருக்கிறபோது ஏன் வலிக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டதற்கு, இது இன்றைக்கு வந்த வலி இல்லைங்கம்மா, சின்ன வயதில் ரொம்ப நின்றிருக்கிறீர்கள் போல என்றார் அவர், கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு. பச்சை. அந்தத் துணி பச்சையா, நீலமா? நின்றிருக்கிறேன்தான், யார் இல்லை என்றது. ஐ.டி.ஐ.யில் படம் வரைகிற படிப்பு முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வரும் வரும் என்று காத்துக்கிடந்த வருஷங்களில், அதோ அந்த வீதியில், சந்தின் அந்தப் பக்கம், ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் நின்றாள். விரி, மடி, விரி, மடி. வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை, விற்கிறவர்களுக்குத் தரை. பெண்கள் உட்கார்ந்தால் வியாபாரமும் உட்கார்ந்துவிடும் என்று மொதலாளிக்கு யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். ராத்திரி வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றியும் கால் கழலாது, பாதம் இன்னும் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மத்தியானச் சோற்றுக்கு விட்டால் எங்கே போவது? கடைக்குள் தின்னக் கூடாது, சேலையில் குழம்பு வாசம் ஏறிவிடுமாம். மாடிப்படியில் தின்னக் கூடாது, ஆட்கள் ஏறி இறங்குகிற இடம். பின்பக்கம் அட்டைப்பெட்டிகளைக் கொளுத்துகிற மூலையில் டிபன் பாக்ஸை உள்ளங்கையில் ஏந்தி நின்றுகொண்டே தின்றார்கள், கல்யாண வீட்டில் பந்தி கிடைக்காதவர்கள் மாதிரி. கமலவேணிதான் ஒருநாள், ஏ சாந்தா, இந்தப் புகையில என்னால முடியாது, வா என்று சந்துக்குள் இழுத்துக்கொண்டு வந்தாள். இங்கே ஒரு ஓட்டு வீடு. பக்கவாட்டில் இடுப்புயர மரக்கேட். உள்ளே கொய்யாமரம், துவைக்கிற கல், கல்லைச் சுற்றி ஈரம். மரத்து நிழல் சுவரைத் தாண்டிச் சந்தில் கொஞ்சம் விழுந்திருந்தது. அந்தக் கொஞ்சத்தில் இரண்டு பேரும் நின்று தின்றுகொண்டிருந்தபோது துணி உலர்த்த வந்த அந்த அம்மா எட்டிப் பார்த்தாள். ஜுலைகாம்மா. அப்போது நாற்பது வயதிருக்கும். "ஏம்மா நின்னுக்கிட்டே திங்கிறீங்க, ஒடம்புல ஒட்டுமா? உள்ள வந்து உக்காருங்க" என்றாள். அவ்வளவுதான். எந்த ஊரு, என்ன ஆளுக, எந்தக் கடை, ஒன்றும் கேட்கவில்லை.

அதைத்தான் இன்று வரைக்கும் சாந்தாமணியால் தாண்ட முடியவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லிவிட்டு அந்தக் கணக்கை அன்றோடு முடித்திருக்கலாம். மறுநாள் போனபோது கேட் சாத்திக் கொண்டி போட்டிருந்தது. உள்ளே ஆள் இருக்கிற சத்தம் கேட்டது, ஆனாலும் திறந்துகொண்டு போகக் கூச்சம். நேற்றுச் சொன்னது நேற்றோடு போச்சோ என்னவோ. வெளியிலேயே நின்று தின்றுவிட்டுப் போனார்கள். ஜுலைகாம்மா சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்திருக்க வேண்டும். அதற்கடுத்த நாள் போனால் கேட் நன்றாக விரியத் திறந்து, சுவர் ஆணியோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தது. காற்றடித்தாலும் சாத்திக்கொள்ளாதபடி இரண்டு முடிச்சு. பழைய துணி ஒன்றின் கிழிசல். பச்சையா, நீலமா? கமலவேணிக்குத் தெரியும், அவளுக்கு எல்லாம் நிற்கும், பல்லடத்தில் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். ஆனால் தீபாவளிக்குக்கூடப் பேசாத ஒருத்திக்குத் திடீரென்று போன் போட்டு ஒரு கந்தல் துணி என்ன கலர் என்று கேட்டால், சாந்தாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றல்லவா நினைப்பாள். இரண்டு பேர் நாலு பேராகி, நாலு பேர் ஒரு கூட்டமாகி, கொய்யாமரத்தடி நிறைந்துபோனது. ஜுலைகாம்மா ஒரு பானைத் தண்ணீரைக் கல்மேல் வைத்துவிட்டுத் தன்பாட்டுக்கு இருப்பாள். அவள் முற்றத்துக்கு வந்தால் போதும், எல்லாரும் படக்கென்று எழுந்துவிடுவார்கள். கடையில் பழகிய பழக்கம், யார் நிழல் பட்டாலும் கால் தானாக நிமிர்ந்துவிடும். "எந்திரிக்காதீங்கம்மா, இது கடை இல்ல" என்பாள் ஒவ்வொரு தடவையும். ஒவ்வொரு தடவையும் எழுந்தார்கள், ஒவ்வொரு தடவையும் அவளும் அலுக்காமல் சொன்னாள். கார்டு வந்து மாநகராட்சியில் வேலை கிடைத்தபோது சாந்தாமணி சொல்லிக்கொள்ளப் போனாள். "போய்ட்டு வா. கேட்டு தெறந்துதான் கெடக்கும்" என்றாள் ஜுலைகாம்மா. கிடந்தது, பிள்ளைகள் திருப்பூருக்குப் போய் அவளையும் கூட்டிக்கொண்டு போகிற வரைக்கும். அப்புறம் ரோட்டுக்கென்று அந்த வீட்டை எடுத்து இடித்தார்கள், கொய்யாமரமும் போனது. இப்போது அவள் உயிரோடு இல்லை என்று யாரோ சொன்னார்கள். நல்லா இருங்க தாயி என்று சாந்தாமணி ஜீப்புக்குள் வாய்விட்டுச் சொன்னாள், சொல்லிவிட்டு, நாச்சிமுத்து வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

சரி, இதைப் போய்த் துணை ஆணையரிடம் சொல்ல முடியுமா? அங்கேதான் அவள் புத்தி போய் முட்டிக்கொண்டு நின்றது, நாலைந்து நாளாக அதே இடத்தில். ஒரு கவுன்சிலர் தன் மாமியார் வீட்டுக்கு எதிரில்தான் பூங்கா வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றபோது, அதற்கு மாமியார் பூங்கா என்று பேர் வைத்து ஆபீஸையே சிரிக்கவைத்தவள் அவள்தான். இன்றைக்கு அவள் மட்டும் என்ன செய்கிறாள்? சின்ன வயதில் தனக்கு ஒருத்தி உட்கார இடம் கொடுத்தாள் என்பதற்காக ஊர்ப் பொதுப்பணத்தை எடுத்து இந்தச் சந்துக்குள் கொட்டச் சொல்கிறாள். நன்றி நல்லதுதான், அதைச் சொந்தக் கையால் செலுத்த வேண்டும், அரசாங்கக் கையால் செலுத்தலாமா? ஜுலைகாம்மா தன் வீட்டுக் கேட்டைத்தானே கட்டிவைத்தாள், பக்கத்து வீட்டுக் கேட்டையா கட்டினாள்? இப்படி யோசித்தால் மணிக்கூண்டே சரி என்று தோன்றியது. பெரிய இடம், நிறையப் பேர் வருவார்கள், குழந்தைகளுக்கு ஊஞ்சல் போடலாம். உடனே, மணிக்கூண்டுக்கு யார் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று தோன்றியது. சாயங்காலம் வருவார்கள், வண்டியை நிறுத்திவிட்டு வருவார்கள், வந்து போட்டோ எடுப்பார்கள். உட்கார இடமில்லாதவர்களா அவர்கள்? அப்படிச் சொல்லிவிட்டால் மறுபடி தன்பக்கமே வழக்கைத் திருப்புகிற மாதிரி ஆகிறது. வக்கீலும் நீ, சாட்சியும் நீ, ஜட்ஜும் நீயா? நெற்றியில் வியர்வை இறங்கியது. வரைபடத்தின் சுருளைப் பிரித்தாள், மடியில் போட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் வரைந்திருந்தாள். சுற்றி நடைபாதை, புங்கமரத்தை வெட்டாமல் அதைச் சுற்றி வட்டமாகக் கல்பெஞ்சு, ஒரு குடிநீர்க் குழாய், மூலையில் கிடக்கிற பழைய துவைக்கிற கல்லை அப்படியே விட்டுவிடச் சொல்லிக் குறிப்பு. முன்னால் இரும்புக் கேட், மேலே ஒரு வளைவு. கேட் வரைவதில் அவளுக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு, கை தானாக வரைந்துவிடும்.

"ஏனுங்க மேடம், வெயில்ல வண்டிக்குள்ளயே உக்காந்திருக்கறீங்க, மயக்கம் வந்துரப் போகுது" என்றார் நாச்சிமுத்து, ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று. "அந்த மரத்தடிக்குப் போங்க. சார் வந்தா நான் கூப்படறனுங்க." இறங்கினாள். சுவர் இடிந்திருந்த இடம் வழியாக உள்ளே போனால், அங்கே ஏற்கெனவே ஆட்கள். அதே ஜவுளிக்கடையின் மெரூன் சேலை, நெஞ்சில் பெயர் எழுதின பட்டை, மடியில் டிபன் பாக்ஸ். புங்கமரத்து நிழலில், இடிந்த சுவரின் செங்கல்மேல், கவிழ்த்துப் போட்ட தள்ளுவண்டிமேல், அந்தத் துவைக்கிற கல்லின்மேல், ஏழெட்டுப் பெண்கள். சாந்தாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அளவெடுக்க அவள் வந்ததெல்லாம் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால். மத்தியானத்தில் இங்கே வந்து எத்தனை வருஷம் ஆகிறது? கல்மேல் உட்கார்ந்திருந்த பெண் இவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று ஒதுங்கிப் பாதி இடம் விட்டாள். "உக்காருங்கக்கா, இங்கதான் நல்லா காத்து வரும்." பட்டையில் பிருந்தா என்று இருந்தது. சாந்தாமணி உட்கார்ந்தாள். கல் அதே கல், ஓரத்தில் அதே உடைசல், உள்ளங்கைக்குத் தெரிந்தது. "தினமும் வருவீங்களா கண்ணு?" "ஆமாங்க்கா. ரெண்டு பேட்சா வருவோம்." "இப்பல்லாம் கடையில ஸ்டூல் போடணும்னு சட்டமே வந்துருச்சில்ல?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். "ஸ்டூல் இருக்குதுங்க்கா, உக்காரத்தான் நேரமில்ல" என்றாள் செங்கல்மேல் இருந்த ஒருத்தி. பிருந்தா தன் டிபனிலிருந்து ஒரு வாழைக்காய் வறுவலை மூடியில் எடுத்து வைத்து நீட்டினாள், யார் எவர் என்று கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. சாந்தாமணி வாங்கித் தின்றாள். ஆகவே இது தன் பழைய கதைக்காகக் கேட்கிற பூங்கா இல்லை, சாமி, இல்லவே இல்லை, இந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறார்கள், தனக்காக யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, இவர்களுக்காகச் செய்தால் போதும். ரொம்ப நாள் சுமந்த மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது. யாருக்கு என்று தெரியாமல் மனசுக்குள் கும்பிட்டாள்.

"அக்கா, நீங்க கார்ப்பரேசனுங்களா? இங்க பார்க் கட்டறாங்கன்னு பேசிக்கறாங்க, நெசமா?" பிருந்தாதான் கேட்டாள், மடியிலிருந்த சுருளைப் பார்த்துவிட்டு. "கட்டலாம்னு இருக்கோம் கண்ணு." "பெஞ்சு போடுவீங்களா?" "போடுவோம்." "சாய்ஞ்சுக்கற மாதிரி?" "சாய்ஞ்சுக்கற மாதிரியே போடுவோம்." "தண்ணிக் கொழாயும் வெச்சீங்கன்னா உங்களுக்குக் கோயில் கட்டிருவோம்" என்றாள் இன்னொருத்தி. மறுபடி சிரிப்பு. "ரொம்ப தேங்க்ஸுங்க்கா" என்றாள் பிருந்தா, சிரிக்காமல். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழாயைக் காட்டலாம் என்று சாந்தாமணி படத்தைப் பிரித்தாள். குழாயைத் தேடின விரல் கேட்டின்மேல் போய் நின்றது. கேட்டுக்குப் பக்கத்தில் அவள் கையால் வரைந்த சின்னச் சதுரம். அறிவிப்புப் பலகை. அதற்குள் பொடி எழுத்தில், அவள் எழுத்தில், எல்லாப் பூங்காவுக்கும் எழுதுகிற அதே வாசகம்: காலை 5 முதல் 9 வரை, மாலை 4 முதல் 8 வரை. சூடான காப்பி டம்ளரில் பட்டதைப்போல விரலை எடுத்தாள். இத்தனை வருஷமாக எத்தனை பூங்கா, எத்தனை கேட், எத்தனை பலகை. மத்தியானம் திறந்துவைத்தால் சீட்டாடுவார்கள், குடிப்பார்கள், ஜோடியாக வந்து உட்காருவார்கள், காவலாளியும் சோறு தின்ன வேண்டாமா, பூட்டிவிடு. காலையில் நடக்கிறவர்களுக்கும் சாயங்காலம் நடக்கிறவர்களுக்கும் பூங்கா, நடுவில் பூட்டு. யாரும் அவளிடம் எழுதச் சொல்லவில்லை, யாரும் அடிக்கவும் சொல்லவில்லை, கை எழுதிவிட்டது. நாலைந்து நாளாக இந்த இடத்தைக் காப்பாற்றத் தவித்தவள், இடம் கிடைத்த மறுநாள் இந்தப் பிள்ளைகளை ரோட்டில் நிறுத்தப் பார்த்திருக்கிறாள். சுவர் இடிந்து கிடக்கிற வரைக்கும்தான் இவர்களுக்கு இது பூங்கா. கட்டி முடித்துப் பெஞ்சு போட்டு, குழாய் வைத்து, பெயிண்ட் அடித்து, பூட்டிவிட்டால், உள்ளே பெஞ்சு காலியாக வெயில் காய, வெளியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி இந்தப் பிருந்தா தின்பாள். இவள் வேறு இப்போதே தேங்க்ஸ் சொல்லிவிட்டாள். அப்புறம், நல்லவேளை, நல்லவேளை என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு மணிக்கு வருகிறேன் என்று சொன்ன துணை ஆணையருக்கு நன்றி. அவர் காலையில் வந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

"மேடம், சார் வந்துட்டாருங்க" என்று நாச்சிமுத்து குரல் கொடுத்தார். இடிந்த சுவர் வழியாகத் துணை ஆணையர் குனிந்து உள்ளே வந்தார், முப்பது வயதைத் தாண்டாத பிள்ளை, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் செருப்புச் சத்தம் கேட்டதுதான் தாமதம், பெண்கள் எல்லாரும் படக்கென்று எழுந்துவிட்டார்கள். ஒருத்தி சோற்றுக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பிருந்தா டிபன் பாக்ஸை மூடிவிட்டாள். சாந்தாமணியின் காலும் தானாக நிமிரப் பார்த்தது, நரம்பெல்லாம் இழுத்தது. அவள் எழவில்லை. அதிகாரிக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால் அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "எந்திரிக்காதீங்கம்மா. இது கடை இல்ல."

ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம்தான் அவள் எழுந்து வணக்கம் வைத்தாள். "சின்ன எடந்தான் மேடம்" என்றார் அவர் சுற்றிப் பார்த்து. "கேட் எந்தப் பக்கம் வருது?" சாந்தாமணி படத்தைத் துவைக்கிற கல்லின்மேல் விரித்தாள், பேனாவைத் திறந்தாள், கேட்டின்மேல் ஒரு கோடு, பலகையின்மேல் ஒரு கோடு. "கேட் இல்லீங்க சார்." "கேட் இல்லாம எப்படி மேடம்? மத்தியானம் யாராவது வந்து உக்காந்துட்டா?" "மத்தியானத்துக்குத்தான் சார் இந்தப் பூங்காவே" என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும். "இத யாரு லிஸ்ட்ல சேர்த்ததுன்னு கேட்டீங்கல்ல. நான் இந்தக் கடையில சேலை மடிச்சவ சார். இந்தக் கல்லு மேல உக்காந்துதான் சோறு தின்னேன். ஒரு அம்மா கேட்டத் தெறந்து வெச்சாங்க, அதனால தின்னேன். இவங்க இன்னைக்கும் இங்கதான் திங்கறாங்க. மணிக்கூண்டு பெரிய எடம், இல்லைங்கல. அங்க போக இவங்களுக்கு நேரமில்ல." அவர் இன்னும் வெயிலில் நின்றிருந்தார். பிருந்தாவுக்குப் பொறுக்கவில்லை போல, கல்லில் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். "சார், இப்படி நெழல்ல உக்காருங்க சார்." அவர் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். மரத்தை ஏறிட்டுப் பார்த்தார். "மணிக்கூண்டுகிட்ட இப்ப எங்கயாச்சும் நெழல் இருக்குமா மேடம்?" "இல்லீங்க சார்." "பேனாவக் குடுங்க" என்றார். படத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் அதிகாரி சுருக்கொப்பம் போட வேண்டும், அது ஆபீஸ் வழக்கம். அடித்த கேட்டுக்குப் பக்கத்தில் ஒன்று போட்டார், அடித்த பலகைக்குப் பக்கத்தில் ஒன்று போட்டார்.

அவர் போனபின், பெண்களும் கடைக்கு ஓடினபின், சாந்தாமணி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். நாச்சிமுத்து வண்டியைக் கிளப்பினார். சந்து முனை திரும்புவதற்குள் அவள் போனை எடுத்துக் கமலவேணியின் நம்பரைத் தேடிப் போட்டாள். அந்தப் பக்கம் ஏதோ குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"ஏ கமலா, நான் சாந்தா பேசறேன். அந்தத் துணி என்ன கலர்டி?"

எந்தத் துணி என்று கமலவேணி கேட்கவில்லை.

"பச்சை" என்றாள்.